பத்து சென்டிமீட்டர்

"மனித இனப்பெருக்கம், வீட்டில படிச்சுக்கங்க" என்று
பன்னிரண்டாம் வகுப்பில்
பதினாறு பக்கத்தை ஒரே புரட்டாகப் புரட்டினார் சார்.
பரீட்சையில் ஐந்து மார்க்குக்கு வந்தது.

இப்போது திருமங்கலம் பஸ்ஸில்
ஜன்னலோரம் உட்கார்ந்து
இரு விரலை விரித்து, ஸ்கேலில் வைத்து, மூடுகிறேன்.
தண்ணீர் பாட்டில் மூடி மூன்று.
என் வளையல் ஆறு.
பெரியார் நிலையத்து இட்லி,
நல்ல கடையென்றால், பத்து.

"தையல் கிளாஸா பாப்பா?"
பக்கத்து சீட்டு அம்மா.
தலையாட்டி வைத்தேன்.

கருப்பை வாயைக் கண் பார்க்காது,
விரல்தான் பார்க்கணும் என்பார்
ஜெசிந்தா சிஸ்டர்.

நேற்று ராத்திரி, கோரிப்பாளையம்,
பிரசவ வார்டில் நாலாவது கட்டில்.
பேரையூர்க்காரி ஒச்சம்மா.
கையுறைக்குள் என் விரல் வேர்த்தது.
"ஏழு" என்றேன்.
சிஸ்டர் தானும் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல்
வரைபடத்தில் ஏழுக்கு நேரே
ஒரு பெருக்கல் குறி போட்டார்.

"ஒனக்குக் கல்யாணம் ஆச்சா?"
"இல்லக்கா."
"பெறகு ஒனக்கென்ன தெரியும்?"

பதில் யோசிப்பதற்குள் அடுத்த வலி.
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
நல்லவேளை,
வளையலைக் கழற்றி வைத்திருந்தேன்.