கால்வாசி

இந்த வாரம் இரவுமுறை எங்கள் மருந்துக்கடைக்கு.
கதவைப் பூட்டிவிட்டு
கையகலச் சன்னலை மட்டும் திறந்துவைப்பது
மத்தோசின்யோஸில் வழக்கம்.
மணி அடித்தால் எழுந்து போவேன்:
பால்பவுடர், காய்ச்சல் மருந்து,
குரலைத் தாழ்த்திக் கேட்கும் சில பொருட்கள்.
மீன்துறை வாடை மட்டும்
மணி அடிக்காமல் உள்ளே வரும்.

மூன்றரைக்கு வந்தவர் அதெரித்து.
துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்.
நாற்பது மீட்டர் உயரத்தில்
கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த மனிதர்
என் சன்னலுக்குக் குனிந்து நிற்கிறார்.

போன வருடம் ஒரு கன்டெய்னர் நழுவி விழுந்தது.
கீழே யாரும் இல்லை.
யாரும் இல்லை என்பதை
அவர் உடம்பு இன்னும் நம்பவில்லை.
அதற்குத்தான் லோரசெபாம்.
நான்கு வாரத்துக்கென்று எழுதிய சீட்டு
பதினான்கு மாதம் ஓடிவிட்டது.
ஒவ்வொரு மாதமும் முத்திரை குத்தியது
இந்தக் கை.

"திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்"
பிரிக்காத பெட்டியை நீட்டுகிறார்.
"மூன்று நாளாகத் தொடவில்லை, தொனா எலிசியா.
மாத்திரையோடு மேலே ஏறவிட மாட்டார்கள்."
குரலில் பெருமை.
பெட்டி மட்டும் சன்னல் சட்டத்தில்
டக டக டக என்று தட்டிக்கொண்டிருக்கிறது.
குளிர் இல்லை, ஜூன் மாதம்.
சட்டைக் கழுத்து தொப்பலாக நனைந்திருக்கிறது.
எங்கள் பச்சைச் சிலுவை விளக்கு
கண்ணைக் குத்துகிறதாம்,
அணைக்க முடியுமா என்கிறார்.

பாராட்டத்தான் வாய் வந்தது.
விழுங்கிக்கொண்டு கேட்டேன்:
நாற்பது மீட்டரிலிருந்து
பாரத்தை எப்படி இறக்குவீர்கள், அதெரித்து?
வடத்தை அறுத்தா?

அவர் பதில் சொல்லவில்லை.
வலது கை தானாக
இல்லாத ஒரு நெம்புகோலை
மெல்ல, மிக மெல்லத் தளர்த்தியது.

குடித்தீர்களா?
"தூங்குவதற்கு ஒரு கிளாஸ்."
சற்றுப் பொறுத்து, "மூன்று."

அப்படியானால் இப்போது
நானாக ஒரு மாத்திரை எடுத்துக் கொடுக்கவும் முடியாது.
சாராயமும் அதுவும் ரத்தத்தில் சந்தித்தால்
மூச்சு தன் வேலையை மறந்துபோகலாம்.
கொடுக்காமல் அனுப்பினாலோ
வழியில் வலிப்பு வரலாம்.
ஆம்புலன்சுக்குச் சொன்னேன்.
விதியை மீறிக் கதவையும் திறந்தேன்.
"நடந்துதானே வந்தேன்" என்று முறைத்தபடி
இரத்த அழுத்தம் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

காத்திருக்கும் நேரத்துக்கு ஏதாவது பேச வேண்டுமே.
என் தங்கை ஒலிந்தாவின் கதையைச் சொன்னேன்.
விவாகரத்து வழக்குக்குப் போகும் காலையில்
என் பையிலிருந்து நானே கொடுத்த ஒரு பாதி.
யாருக்கோ எழுதியது, எவருக்கோ பாதி.
அவள் காரைக் கொண்டுபோய்
மீன்சந்தைச் சுவரில் சாத்தினாள்.
உடைந்தது பக்கக் கண்ணாடி மட்டும்.
அன்று நீதிபதி கேட்டது எதுவும்
அவளுக்கு இன்றுவரை நினைவில்லை.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
அதெரித்து சிரித்தார்.
எனக்குக் கோபம் வந்தது.
பிறகு நானும்.

இப்போது அக்டோபர்.
மருத்துவர் போட்டுக் கொடுத்த அட்டவணை
அவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.
முழு ஒன்று முக்காலாக இறங்கியதோடு நிற்கிறது.
நடுவில் மூன்று வாரம் இறங்காமல் நின்றதும் கணக்கில் உண்டு.
பெட்டி அவர் மனைவி பெர்மீனியாவின்
பூட்டிய தையல்பெட்டிக்குள்.
தரையில் நின்று கன்டெய்னர் எண்களைக் குறித்துக்கொள்ளும்
வேலை கொடுத்திருக்கிறார்கள்.
"கால்வாசிக்கு இவ்வளவு கனமா?" என்கிறார்.
நேற்று ஒரு ஷாம்பு விளம்பரத்துக்கு அழுதாராம்.
தேதியோடு எழுதிவைத்து
மருத்துவரிடம் காட்டுங்கள் என்றேன்.
"ஷாம்பு பெயரையுமா?"

அவருக்குப் பின்னால் நின்ற பெண் சீட்டை நீட்டுகிறாள்.
அதே மருந்து. ஆறாவது மாதம்.
முத்திரை கையில் இருக்கிறது.
ஒரு நிமிடம் உட்காருங்களேன் என்கிறேன்.
அவளுக்கு ஐந்நூற்று ஏழாம் எண் பேருந்து
போய்விடுமாம்.