302-இல் குடியிருப்பவை

நீதிமன்றக் கவுன்டரில் இருந்த பெண்
கணினியைப் பார்த்தபடியே சொன்னாள்:
பதிவு ஏறும்வரை வீட்டை முழுசாகக் காலி செய்யாதீர்கள்.
ஏதாவது இருக்கட்டும்.
ஏதாவது என்றால்?
நீங்கள் அங்கே வாழ்வதுபோல, என்றாள்.
அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

அதனால் இன்ச்சோனில், மூன்றாம் மாடியில்,
என் சார்பில் இன்னும் குடியிருக்கின்றன
ஒரு மடக்குக் கட்டில்,
கைப்பிடி ஆடும் வாணலி,
என் கணவர் சங்-உக்கின் கிழிந்த மழைச்சட்டை,
கண்ணாடிக் குவளையில்
தனியாக நிற்கும் என் பல்துலக்கி.
நாங்கள் தேஜோனில் இருக்கிறோம்,
அவருக்கு அங்கேதான் வேலை கிடைத்தது.
இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரயிலேறி வந்து
குழாயைத் திறந்துவிட்டு,
துருத்தண்ணீர் தெளியும்வரை நின்று,
ஜன்னலைச் சாத்திவிட்டுப் போவேன்.

ஏழு கோடி வொன்.
மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒத்திப் பணம்.
பாதி எங்களுடையது, பாதி வங்கியுடையது.
வங்கி மட்டும் மாதம் இருபத்தொன்றாம் தேதி
தவறாமல் நினைவு வைத்திருக்கிறது எங்களை.

கையெழுத்துப் போட்ட அன்று
வீட்டுக்காரர் மேங் கி-தே
ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுவந்தார்,
ஒவ்வொன்றும் வெள்ளைத் தாளில் பொதிந்து.
ரெண்டு வருஷம்தானே, கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்றார்.
ஓடித்தான் போனது.
கூடவே அவரும்.

அவர் எண்ணை அழைத்தால் மணி ஒலிக்காது,
ஒரு பழைய துள்ளல் பாட்டு வரும்.
துறைமுகம், மதுக்கடை, திரும்பி வராத ஒருத்தி.
இரண்டாவது சரணத்தில் அறுந்துபோகும்.
மூன்று மாதத்தில் எனக்கு அது மனப்பாடம்.
பாத்திரம் கழுவும்போது முணுமுணுக்கிறேன்,
சங்-உக் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்.
பதிவுத் தபால் மூன்று அனுப்பினேன்.
மூன்றும் வந்த வழியே வந்தன,
'கதவு பூட்டு, ஆள் இல்லை' என்ற முத்திரையோடு.

கீழே 201-இல் தோ யங்-ரான்
ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தாள்.
402 காலி செய்தபோது கொடுத்தது 201-இன் பணம்.
103-க்குக் கொடுத்தது 401-இன் பணம்.
எனக்கு முன் 302-இல் இருந்த தாதிக்குக் கொடுத்தது
என் பணம்.
என் பெயருக்குக் கீழே
அவள் கோடு எதுவும் போடவில்லை.
பக்கத்தில் இடம் இருந்தது, ஆள் இல்லை.

போன சனிக்கிழமை ஆள் வந்தது.
தரகர் ஒரு ஜோடியைக் கூட்டிவந்தார்.
அந்தப் பெண்ணுக்கு இருபத்தைந்து இருக்கும்,
கையில் அளவு நாடா.
அவன் சுவரைத் தட்டிப் பார்த்தான்.
தரகர் என்னை ஓரமாக இழுத்து,
இவங்க பணம் வந்தா உங்க பணம் வரும்,
நாலு வார்த்தை நல்லதா சொல்லுங்க என்றார்.

நல்ல வெயில் வருமா என்றாள் அவள்.
வரும், அது பொய்யில்லை.
குளிருக்குச் சூடு நிற்குமா?
நிற்கும்.
ஜன்னலடியில் ஒரு மேசை போட
நாடாவை நீட்டி அளந்தாள்,
நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
தொண்ணூற்றாறு செண்டிமீட்டர்.
ஏழு கோடி வொன்
இவ்வளவு பக்கத்தில் வந்து நின்றதேயில்லை.

வீட்டுக்காரர் எப்படி, என்றாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
கைபேசியை எடுத்து அவர் எண்ணை அழுத்தி
ஒலிபெருக்கியில் போட்டேன்.
துறைமுகம். மதுக்கடை.
நான்கு பேரும் நின்று கேட்டோம்.
அறுந்தது. மறுபடி அழுத்தினேன்.
தரகர் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
மூன்றாவது தடவை
அவள் நாடாவை விட்டாள்,
சரசரவென்று டப்பிக்குள் ஓடி ஒளிந்தது அது.
வாசலில் செருப்பு மாட்டும்போது
என்னைப் பார்த்துத் தலை குனிந்தாள்,
கொஞ்சம் அதிகமாகவே.

சங்-உக்கிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்ததில்
கடைசி ரயில் போய்விட்டது.
மடக்குக் கட்டிலை விரித்தேன்.
பல்துலக்கி காய்ந்து விறைத்திருந்தது,
ஈறில் ரத்தம் கசிந்தது.
துப்பிவிட்டு, குழாயை மூடிவிட்டு,
கவுன்டர்க்காரி சொன்னதுபோலவே
அந்த இரவு மட்டும்
அங்கே வாழ்ந்தேன்.