ஒற்றைப்படைப் போத்தல்கள்

கெடா கரையிலிருந்து ஜொகூர் முனை வரை
வலையால் அள்ளிய கடல்
இருநூற்று நாற்பது போத்தல்களில்
ஃபார்மலின் வாசனையோடு நின்றது.
ஒற்றைப்படை எண்கள் எங்களுக்கு, பினாங்கு லேபுக்கு.
இரட்டைப்படை சிங்கப்பூருக்கு.
இரண்டு இடத்தில் எண்ணினால் தப்பு குறையும் என்று
அருளப்பு சார் போட்ட ஏற்பாடு.
கெம்போங் மீன் எங்கே முட்டையிடுகிறது?
அவ்வளவுதான் கேள்வி.
ஆறு வருஷக் கேள்வி.

அறுபத்தைந்து ஆகஸ்ட், திங்கட்கிழமை,
காலை பத்து மணிக்கு
நூற்றுப் பதினேழாம் போத்தலில் இருந்தேன்.
ஒரு முட்டைக்குள் கண் தெரிந்தது,
எழுத்தின் மேல் வைக்கும் புள்ளி அளவுக்கு.
சிங்கப்பூர் இனித் தனிநாடு என்றது ரேடியோ.
ஹாஷிம் படகுச் சாவியோடு வாசலிலேயே நின்றான்.
ஜெரஜாக் தீவு நேற்று இருந்த இடத்தில்தான் இருந்தது.
கோப்பி ஆறியது.
அந்த முட்டையைக் கணக்கில் சேர்த்துவிட்டு
அடுத்ததற்குப் போனேன்.

நூற்றுப் பதினெட்டைக் கேட்டு எழுதினோம்.
சுங்கத்துறையிலிருந்து படிவம் வந்தது,
மூன்று பிரதிகள்.
பொருள்: மீன்முட்டை.
நிலை: இறந்தவை.
மதிப்பு என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது.
பசியாறிவிட்டு வந்து பார்த்தேன்,
இடம் காலியாகவே இருந்தது.
ஒரு வெள்ளி என்று போட்டேன்.
உற்பத்தியான நாடு:
நீரிணை என்று எழுதினேன்.
அப்படி ஒரு நாடு இல்லை என்று
முத்திரையோடு திரும்பி வந்தது.

லென்ஸ் துடைக்க ஜூலையில் தெற்கே போன மைக்ராஸ்கோப்
இரண்டு கோப்புகளில் இரண்டு நாட்டுச் சொத்தானது.
கோப்புகள் தடித்தன.
கண்ணாடியில் பூஞ்சை பூத்தது.

ஹாஷிமும் அங்கிருந்த இங் சியூ லானும்
ஒரு வலை யோசித்து வைத்திருந்தார்கள்.
பத்துப் பாகம் ஆழத்தில் தானாக வாய் மூடும்,
மேல்தண்ணீர் ஒரு சொட்டும் கலக்காது.
வாய் எங்கள் பட்டறையில்.
மூடும் விசை அவள் மேசை இழுப்பறையில்.
பட்டறைக் கூரையில் திறந்த வாயுடன் தொங்கிய அதில்
மறு வருஷம் மைனா குடியேறியது.
அதையாவது எண்ணு என்றான் ஹாஷிம்.
நாலு முட்டை.

பிரிந்தது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்,
நான் எண்ணுகிறவள்.
எங்களுக்குப் புதுக் கட்டடம் வந்தது.
அவர்களுக்கும் வந்ததாம், குளிர்சாதனத்தோடு.
எங்கள் கட்டுரையில் முட்டைகள் பங்கோர் பக்கம் குவிந்தன.
அவர்கள் கட்டுரையில் மலாக்கா பக்கம்.
இரண்டிலும் கோடு
பல் போன சீப்பு மாதிரி.
கெம்போங் இரண்டையும் படிக்கவில்லை.

எண்களைத் தருவதற்கும் மேலிட அனுமதி வேண்டும் என்றார்கள்.
அந்தச் சீனப் புத்தாண்டுக்கு ஓர் அட்டை வந்தது.
"மிஸ் பாக்கியம், நலமா?
இங்கே ஒரே மழை.
118: நானூற்றுப் பன்னிரண்டு."
நான் தீபாவளிக்கு எழுதினேன்:
பலகாரம் சுட்டோம், 121இல் முந்நூற்று ஆறு.
எண்களுக்கு எடை இல்லை,
தபால்தலை ஒன்றே போதும்.
பிறந்தநாள், ஈஸ்டர், நிலாப் பண்டிகை,
ஒருமுறை யாருக்கும் பிறக்காத குழந்தைக்கு வாழ்த்து.
என் வரைபடத்தில் நீல மைக்கு நடுவே
சிவப்புப் பென்சில் புள்ளிகள் ஏறின.
அருளப்பு சார் பார்த்தார்,
ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனார்.

எழுபத்தொன்றில் கடைசி அட்டை.
கல்யாணமாகி வான்கூவர் போகிறாள்.
போத்தல்களைப் புது ஆள் கொட்டிக் கழுவிவிட்டானாம்,
அலமாரியில் இடம் வேண்டுமென்று.
முப்பத்தொன்று சிவப்புப் புள்ளிகள் பாக்கி.
அவற்றை ஊகித்துப் போட்டிருக்கலாம்.
போடவில்லை.

நேற்றுச் சந்தையில் கெம்போங் வாங்கினேன்.
வயிறு கீறியதும் முட்டை, மஞ்சளாக, இரண்டு பாளம்.
எங்கே பிடித்தது என்று கேட்டேன்.
"கடல்லதாம்மா, வேற எங்க,"
என்று செதிலைச் சுரண்டப் போனான்.