வலைமேல் ஒரு விரல்

தாம்பெரே நகரம், நவம்பர் 1977.
ஹாக்கி அரங்கின் பனிமேல் பலகை பரப்பி
பலகைமேல் பச்சைக் கம்பளம் ஒட்டியிருந்தார்கள்.
விளிம்புகளில் கசிந்த குளிர்
கணுக்காலைக் கவ்வியது.

என் வேலை சின்னது.
கம்பத்தடியில் ஒரு நாற்காலி,
வலையின் வெள்ளை நாடாமேல் ஒரு விரல்.
சர்வீஸ் பந்து உரசிப் போனால்
"நெட்" என்று சொல்லவேண்டும்.
பதினெட்டு வருஷம் பஞ்சாலையில் தறி ஓட்டியதில்
காது பாதி போய்விட்டது.
இழை அறுந்தால் விரலுக்குத்தான் முதல் தகவல்.
அதற்காகவே கூப்பிட்டார்கள்.
கூலி: இரண்டு டிக்கெட், ஒரு சாசேஜ்,
காப்பி எத்தனை வேண்டுமானாலும்.

அரையிறுதி.
பிரேசில்காரன் ஓசிரிஸ், மூக்கு சிவந்து,
கம்பளிக் கையுறையை
காசு சுண்டும்போதுதான் கழற்றினான்.
எதிரே லோத்தார் ஃபிங்க், கையில் மரமட்டை,
தும்மலுக்கு நடுவே ஆடினான்.
பந்து எழும்பவே மாட்டேன் என்றது.
முந்நூறு பேர் கோட்டைக் கழற்றாமல் கைதட்டினார்கள்,
தூரத்தில் யாரோ மெத்தையை அடித்துத் தூசு போக்குவதுபோல.

மூன்றாவது செட்.
ஓசிரிஸுக்கு மேட்ச் பாயிண்ட், அவனே சர்வீஸ்.
அடித்தான்.
ஃபிங்க் அசையக்கூட இல்லை.
என் விரலில் ஒரு சிலிர்ப்பு.
"நெட்" என்றேன்.

சொன்ன பிறகும் சிலிர்ப்பு நிற்கவில்லை.
பந்து போய்ச் சுவரடியில் படுத்தாயிற்று,
நாடா இன்னும் நடுங்குகிறது.
பலகைக்குக் கீழே, பனிக்கும் கீழே,
குளிரூட்டும் எந்திரம்
முக்கி முனகி விழித்திருந்தது.

உயர நாற்காலியிலிருந்து நடுவர் ரைத்தலா பார்த்தார்.
ஒரு சொல் போதும்.
அது என் வாய்க்குள்
பனியில் சிக்கிய படகாய்க் கிடந்தது.

ஓசிரிஸ் திட்டவில்லை.
பந்தைத் தரையில் தட்டினான்,
கைக்கு வராததைக் குனிந்து எடுத்தான்.
அடுத்த சர்வீஸ் வெளியே.
அதற்கடுத்தது வலையிலேயே, யார் விரலும் தேவைப்படாமல்.
நாற்பது நிமிடத்தில் ஃபிங்க்
தும்மிக்கொண்டே கைகுலுக்கினான்.

போகும் வழியில் ஓசிரிஸ் என் பக்கம் வந்தான்.
எங்கள் இருவருக்கும் பொதுவாய் ஒரு மொழி இல்லை.
நாடாமேல், என் விரலுக்கு ஒரு சாண் தள்ளி,
தன் விரலை வைத்தான்.
எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
தலையை ஒருமுறை ஆட்டினான்.
அவன் ஊரில் அந்த ஆட்டலுக்கு
என்ன பொருள் என்று கேட்க
அரங்கில் ஒருவரும் இல்லை.

திங்கட்கிழமை காலை
தறியை இரண்டு முறை நிறுத்தினேன்.
இழை எதுவும் அறுந்திருக்கவில்லை.