பாரம் வைத்து முறுக்கு

தாழ்த்தியது நான்தான்.
யார்மேலும் பழியில்லை.
நான்கு விரல் நுழைந்த சக்கர வளைவில்
ஒரு விரல் நுழைந்தால் போதுமென்று
ஸ்பிரிங் மாற்றியதும் நான்தான்.

எட்டே மாதம். பின் டயர் இரண்டும்
வெளியே புதுசு, உள்ளே கம்பி.
லியோங் தவுக்கே கழற்றிப் புரட்டிக் காட்டினார்:
"தங்கச்சி, உன் காடி டயர் தின்னுது."

லாபிஸ் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
பின்சக்கரங்கள் தலை சாய்த்து
ரகசியம் பேசுகிற இரண்டு பேர் போல இருக்கும்.
பின்னால் நிற்கும் பள்ளி பஸ் முழுக்க
அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்.

மூன்று வாரம் கைகளைப் பற்றியே யோசித்தேன்.
என் கை இல்லை. சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கை,
நீளம் கூட்டிக் குறைக்கிற வகை.

தைவான் நீலம் ஒன்று: அலுமினியம்,
இரண்டு முனையிலும் உருண்டை பேரிங்.
பந்தயம் ஓடுகிறவனுக்குச் சரி.
செம்பனைக் குலை விழுந்து நசுங்கிய சடக்கில்
இரண்டு மழைக்குள் லொடலொடக்கும்.

குளுவாங்கில் ஒருவன் வெட்டி ஒட்டித் தருகிறான்,
பாதி விலை. வெல்டின் வரியைப் பார்த்தேன்:
லோரிக்காரர்கள் பசியில் போடும் கையெழுத்து.

கடைசியில் இரும்பு. கறுப்புப் பூச்சு. ரப்பர் புஷ்.
ஜோடி முந்நூற்று எண்பது வெள்ளி.
"ரப்பரா? அதையெல்லாம் விட்டுட்டாங்களே"
என்றான் கடைக்காரப் பையன்.
இந்த ஊரிலும் விட்டுவிட்டார்கள்தான்.
கண்ணெட்டிய மட்டும் செம்பனை.

ஞாயிறு. ஹேமநேசன் வீட்டு முன்னால்.
இடது போல்ட் சொன்னதும் வந்தது.
வலது போல்ட்
துருவோடு குடித்தனம் பண்ணியிருந்தது.
சுற்றியது, வெளியே வரவில்லை.
எண்ணெய் அடித்தோம், சுத்தியல் அடித்தோம்,
அப்புறம் கிரைண்டர்.
பொறி பறந்து, காயப்போட்டிருந்த துண்டில் மூன்று ஓட்டை.
அவன் மனைவி தாமரைச்செல்வி ஜன்னலைத் திறந்தாள்,
எண்ணினாள், மூடினாள்.

பழைய கையும் புதிய கையும்
சிமெண்டில் பக்கம் பக்கமாய்.
ஒன்பது மில்லி வித்தியாசம்.
இத்தனை டயரையும் தின்றது இந்த ஒன்பது மில்லி.

மாட்டினோம். நான் ஸ்பானரை இழுக்கப் போக,
"இரு" என்றான்.
"கால் தொங்கும்போது முறுக்கினால்
தொங்குவதுதான் நேர் என்று புஷ் நினைச்சிக்கும்.
இறக்கின நாளிலிருந்து
தன்னையே திருகித் திருகிக் கிழியும்.
பாரம் வைத்து முறுக்கணும்."

பலகை அடுக்கி நான்கு சக்கரத்தையும் ஏற்றினோம்.
அவன் அடியில்.
நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால்,
ஓட்டாமல்.

ஏழு வருஷமாய் ஆலை எடைமேடையில்
லோரி லோரியாய் எழுதுகிறேன்.
ஏறும்போது ஒரு எண், இறங்கும்போது ஒரு எண்,
கழித்தால் பழம்.
எடையாக நான் உட்கார்ந்தது அன்றுதான்.
"அசையாதே" என்றது தரை.
மூச்சைக்கூட அளவாக விட்டேன்.
டிக்.
டார்க் ரெஞ்ச் சொன்னது
முதுகெலும்பில் கேட்டது.
இன்னொரு டிக்.

தூண்டில் நரம்பு கட்டி நேர் பார்த்தோம்.
மெஷினில் வைக்க திங்கட்கிழமை சிகாமாட் போகணும்.
அதுவரை பொறுக்குமா?
மாலையே ஒரு சுற்று.

தோட்டத்து நுழைவாயில் மேட்டில்
இடப்பக்கம் கணீர் என்றது.
இரண்டு பேரும் முகம் வெளுத்து,
டார்ச் அடித்து, மண்ணில் படுத்துத் தேடினால்
அவனுடைய பதினேழாம் நம்பர் ஸ்பானர்
குறுக்குச் சட்டத்தின் மேல் மல்லாந்து
ஊர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது சிவப்பு விளக்கில்
என் சக்கரங்கள் ரகசியம் பேசுவதில்லை.
முழுசாக நிமிர்த்தவும் இல்லை.
ஒரு டிகிரி உள்சாய்வு வைத்திருக்கிறேன்.
வளைவில் பிடிப்புக்கு என்பேன், யாராவது கேட்டால்.

அழகுக்கும்தான்.