மூன்றாம் மேசை

ஜெனரல் ஏசுவடியான் உயிரோடு இருக்கிறார் என்று
பதினான்கு நவம்பர்கள் எழுதியிருக்கிறேன்,
பாளையங்கோட்டைக் கருவூலத்தில்,
ஒரு கால் ஆடும் மேசையில்.

பெருமாள்புரத்திலிருந்து நடந்தே வருவார்.
நாற்காலி போட்டால் அதில் குடையை வைப்பார்.
வரிசையில் நிற்பார்,
முன்னால் நிற்பவர் முதுகிலிருந்து ஒரு கை தூரத்தில்,
அளந்து வைத்ததுபோல.

கோப்பில் அவர் இருநூறு பக்கம்.
முதலூரில் பிறப்பு.
இருபத்திரண்டு வயதில் பர்மா; இடது தொடையில் குண்டுச்சில்,
அதற்கு மாதப்படி பதினெட்டு ரூபாய்.
எழுபத்தொன்றில் பிரிகேடியர்; ஆறு தாண்டியதற்கு ஒரு பதக்கம்,
அதற்கு எண்பது.
தோளில் நட்சத்திரமும் வாளும் தடியும் ஏறிய தேதிகளுக்கு
சம்பள விகிதம் தனித்தனி.
பைசா வரை கூட்டிப் பார்த்தவன் நான்.
ஒருமுறை நாலணா உதைத்தது.
அவரே கண்டுபிடித்துச் சொன்னார்,
அவருக்கு அதிகமாக வந்த நாலணா.

அறுபத்திரண்டுக்கு மட்டும்
படியும் இல்லை, பிடித்தமும் இல்லை.
'பட்டாலியன் தலைமை, வடகிழக்கு எல்லை' என்று ஒரு வரி.
மிச்சம் வேறொரு கோப்பில் இருந்தது.

முன்னீர்பள்ளம் உலகம்மாள், குடும்ப ஓய்வூதியம்.
கணவர் லான்ஸ் நாயக் உச்சிமாகாளி.
அதே பட்டாலியன்.
'பின்வாங்கும் உத்தரவு எட்டாத முன்காவல்.
பதினொரு பேர். உடல்கள் மீட்கப்படவில்லை.'
இரண்டு கோப்பையும் ஒரே அலமாரியில் வைத்திருந்தேன்.
வரிசையில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, எண்தான்.
அது விதி.
எனக்கும் வசதி.

அந்த வருடம் மழை விடவே இல்லை.
கரண்ட் போய்விட்டது.
உலகம்மாளுக்கு விரல் நடுங்கி
ரேகை இரண்டு முறை கலைந்தது.
பின்னால் திரும்பினாள்:
"இந்தப் பெருவெரலக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்கய்யா."

பிடித்தார். அமுக்கினார்.
விரலை எடுத்தபோது
ஈர மைக்குக் கீழே இருந்த பெயரைப் படித்தார்.

வரிசை முணுமுணுத்தது.
அவர் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார்.
தகரக் கூரையில் மழை; எனக்கு ஒரு சொல்லும் விழவில்லை.
நெடுநேரம் சொன்னார்,
பதினொரு பேர் ஒரு மலையிறங்கி வந்திருக்கக்கூடிய நேரம்.

அவள் முந்தானையில் விரலைத் துடைத்தாள்.
மை போன பிறகும் துடைத்தாள்.
அப்புறம் அவள் பேசியது மட்டும் கேட்டது:
"சரி. மொதல்ல நீங்க கைநாட்டு வைங்க.
பின்னால ஆளு நிக்காவ."

பேனாவை நீட்டினேன்.
அவர் வாங்கவில்லை.
பெருவிரலை மையில் வைத்தார்.

ஒரு வாரத்தில் மேலதிகாரி சிவப்பு மையில் கேட்டிருந்தார்:
ஓய்வூதியர் லெப்டினன்ட் ஜெனரல். கைநாட்டு ஏன்?

விளக்கம் எழுதும் இடம் விரல் அகலம்கூட இல்லை.
'கை நடுக்கம்' என்று எழுதினேன்.
ஏற்கப்பட்டது.