பத்து சி.சி. டீசல் தீரும் வரை

கோத்தகிரியில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும்,
ஷாஃப்ட் எல்லாம் துருவேறும்.
ஆகவே ஆடி முதல் தை வரை
அடைத்தே கிடக்கும் எங்கள் லேப்.
தகரக் கூரை. நடுவில் ஒற்றை சிலிண்டர் எஞ்சின்.
அது போடும் சத்தம் வெளியே போக வழியில்லாமல்
எங்களிடமே வந்து நிற்கும்,
ஆபீஸில் திருப்பி அனுப்பிய மனு மாதிரி.

பத்து சி.சி. டீசல் தீர எத்தனை விநாடி?
அவ்வளவுதான் பரிசோதனை.
ஒருத்தன் பியூரெட்டில் கண் வைப்பான், ஒருத்தி ஸ்டாப்வாட்சில்.
பேச்சுக்கு இடமில்லை.
ஒரு விரல் என்றால் லோடு ஏற்று.
உள்ளங்கை என்றால் போதும்.
பதினேழு வருஷம். பாஷை பழகிவிட்டது.

ஜூலையில் சுஹாசினிக்கு மூன்று நாள் ஆப்சென்ட் போட்டேன்.
மூன்று நாளும் வந்திருக்கிறாள்.
கடைசி ஸ்டூலில் இருந்து 'யெஸ் சார்' என்றும் சொல்லியிருக்கிறாள்.
அந்த 'ஸ்'ஸும் அந்த 'சா'வும்
என் பக்கம் வந்து சேரவே இல்லை.
வகுப்பு சிரித்தது.
சிரித்ததைப் பார்த்தேன்.

அப்புறம் போஜன்,
கட்டபெட்டு தாண்டி ஒரு ஹட்டிப் பையன்,
எங்கிருந்தோ மீட்டர் இரவல் வாங்கி வந்தான்.
பேனல் அருகே தொண்ணூற்று நாலு.
எஞ்சின் தலைமாட்டில் தொண்ணூற்றேழு.
'மூணு ஏறினா ரெண்டு மடங்கு சார்'
என்று நோட்டில் எழுதிக் காட்டினான்.
தலைமாட்டில் தினமும் நிற்பது யார் என்று
எழுதவில்லை.

ரெக்கார்டில் லோடுக்குக் கட்டம் உண்டு, வேகத்துக்கு உண்டு,
நேரத்துக்கு உண்டு.
சத்தத்துக்கு அவனே ஓரத்தில்
பென்சிலால் கோடு கிழித்திருந்தான்.
ஃபார்மட் மாறினால் எக்ஸ்டர்னல் மார்க்கை வெட்டுவார்.
தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன்.
கடைசி வரி: எஞ்சின் நிறுத்திய பின், நாற்பத்தொன்று.
மீட்டருக்கு அவ்வளவுதான் கேட்டது.
எனக்குள் அது ராத்திரி கம்பளிக்குள்ளும் ஓடுகிறது,
ஒரு சொட்டு டீசல் இல்லாமல்.

காதடைப்பான் மார்ச்சிலேயே வந்தாயிற்று.
மஞ்சள் பஞ்சு, இருநூறு ஜோடி.
'தீர்ந்துபோகும் பொருட்கள்' ரெஜிஸ்டரில் ஏற்றி,
தீர்ந்துபோகுமே என்று
பீரோவில் பூட்டி வைத்தது
வேறு யாருமில்லை, நான்தான்.

போன வாரம் திறந்தேன்.
'இதைப் போட்டா நீங்க சொல்றது கேக்காதே சார்' என்றார்கள்.
உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

இப்போதெல்லாம் அட்டெண்டன்ஸில்
ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்கிறேன்.
சுஹாசினி ஒரு விரல் காட்டுகிறாள்:
லோடு ஏற்று.